காவல் இழக்கும் இரைப்பை

இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் மேற்பரப்புச் செல்களின் ஆயுள் சில நாள்கள்தான். அமிலத்திலும் செரிமான நொதிகளிலும் ஓயாமல் நனையும் அந்தச் செல்கள் உதிர்ந்தபடி இருக்கின்றன. அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் பிரிந்து பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 600 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்பட வேண்டும். இவ்வளவு பெரிய வேலையில் பிழை நேராமல் இருக்காது. நேர்ந்த பிழையைக் கண்டுபிடிப்பது, அது திருத்தப்படும்வரை செல் பிரியாமல் தடுப்பது, திருத்த முடியாத செல்லைச் சாகவைப்பது, செல்கள் தத்தம் இடத்தைவிட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது ஆகிய வேலைகளுக்கென்றே உடலில் சில புரதங்கள் இருக்கின்றன. இவற்றைக் கட்டி அடக்கிப் புரதங்கள் என்பார்கள். இவை ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கும்போது இரைப்பைப் புற்றுநோய் வளர்கிறது. எந்தப் புரதம் எப்போது போகிறது என்பதைப் பொறுத்து நோயின் வகையும் வேகமும் மாறுகின்றன.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தனர். புதிய நோயாளிகளின் எண்ணிக்கையிலும் இறப்பிலும் புற்றுநோய்களிடையே இதற்கு ஐந்தாம் இடம். ஜப்பான், கொரியா, சீனா, மங்கோலியா ஆகிய நாடுகளில் இது அதிகம். இந்தியாவில் மிசோரம் மாநிலத்தின் ஐசால் பகுதி முதலிடத்தில் இருக்கிறது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களைத் தாக்கும் முக்கியப் புற்றுநோய்களில் ஒன்றாக இது நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது.

இரண்டு தாழ்ப்பாள்கள்

புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணுக்கள் பொதுவாக இரண்டு வகை. ஒரு வகை செல்லைப் பிரியத் தூண்டுபவை; இவை அளவுமீறி இயங்கினால் ஆபத்து. இன்னொரு வகை பிரிதலைக் கட்டுப்படுத்துபவை. இவை இல்லாமல் போனால் ஆபத்து. கட்டி அடக்கிப் புரதங்களை உருவாக்குபவை இரண்டாம் வகை மரபணுக்கள்.

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒரு பிரதி கெட்டாலும் மற்றது புரதத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கும். மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவில் ஒன்று உடைந்தாலும் கதவு திறந்துகொள்ளாது அல்லவா? அதைப் போன்றதுதான் இது. அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் இதை 1971-இல் கணக்குப் போட்டு விளக்கினார். குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோயில் 48 நோயாளிகளின் விவரங்களை அவர் அலசினார். பரம்பரையாக நோய் வரும் குழந்தைகளுக்கு மிக இளம் வயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் கட்டி வந்தது. மற்றக் குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாக, ஒரு கண்ணில் மட்டும் வந்தது. முதல் வகைக் குழந்தைகள் ஒரு பிரதி கெட்ட நிலையிலேயே பிறக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் ஓர் அடி போதும், மற்றவர்களுக்கோ ஒரே செல்லில் இரண்டு அடிகளும் விழ வேண்டும் என்பது அவருடைய முடிவு. 1986-இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது.

அடி விழும் விதம் ஒன்றல்ல. மரபணுவின் எழுத்து மாறலாம். குரோமோசோமின் ஒரு துண்டே காணாமல் போகலாம். எழுத்து எதுவும் மாறாமலேயே, மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற வேதிக்குழுக்கள் ஒட்டிக்கொண்டு அதைப் படிக்கவிடாமல் செய்யலாம். இதற்கு மெத்திலேற்றம் என்று பெயர். மரபணு நன்றாக இருந்து, அது உண்டாக்கிய புரதம் மட்டும் சிதைக்கப்படுவதும் உண்டு. இரைப்பைப் புற்றுநோயில் இந்த நான்கு வழிகளும் காணப்படுகின்றன.

பி53: நிறுத்துவதும் சாகவைப்பதும்

இந்தப் புரதங்களில் மிகவும் பேசப்படுவது பி53. 17-ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுவிலிருந்து உருவாகும் இதில் 393 அமினோ அமிலங்கள் உள்ளன. 1979-இல் பல ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைக் கண்டறிந்தன. தொடக்கத்தில் இது புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே கருதப்பட்டது. ஆய்வுக்கு எடுத்த பிரதிகள் ஏற்கெனவே மாற்றமடைந்தவை என்பது தெரியாததே காரணம். பத்தாண்டுகள் கழித்து, 1989-இல், பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினரும் வேறு சிலரும் உண்மை அதற்கு நேர்மாறானது என்று காட்டினர்.

நலமாக உள்ள செல்லில் பி53 மிகக் குறைந்த அளவிலேயே இருக்கும். உருவான சற்று நேரத்தில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. டிஎன்ஏ சேதமானால் நிலைமை மாறுகிறது. சேதத்தை உணரும் நொதிகள் பி53-இன் மீது பாஸ்பேட்டை ஏற்ற, எம்டிஎம்2-இன் பிடி தளர்ந்து, பி53 செல்லின் கருவில் பெருகுகிறது. நான்கு நான்காகச் சேர்ந்து டிஎன்ஏவில் அமர்ந்து, பி21 போன்ற புரதங்களைத் தயாரிக்க உத்தரவிடுகிறது. பி21 வந்ததும் செல் பிரிதல் நின்றுவிடும். பழுது பார்க்க அவகாசம் கிடைக்கும். பழுது பார்க்க முடியாத அளவுக்குச் சேதம் இருந்தால் பாக்ஸ், பூமா என்னும் புரதங்கள் தூண்டப்பட்டு அந்தச் செல் தானே மடிகிறது.

நான்கு அலகுகள் சேர்ந்தே வேலை செய்வதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது. கெட்ட பிரதியிலிருந்து வரும் பி53, நல்ல பிரதியிலிருந்து வரும் பி53-உடன் கலந்து மொத்தக் குழுவையும் முடக்கிவிடக் கூடும். எனவே இரண்டாவது அடி விழும் முன்பே பாதுகாப்பு குறையத் தொடங்கலாம்.

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். பயாப்ஸியில் எடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, பி53-ஐ மட்டும் பழுப்பு நிறமாகக் காட்டும் சாயத்தை ஏற்றுவார்கள். நல்ல திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலான பழுப்புக் கருக்கள் தெரியும். பி53 மாற்றமடைந்த கட்டியில் எல்லாக் கருக்களும் அடர்பழுப்பாகத் தெரியும். வேலை செய்யாத பி53, எம்டிஎம்2-ஐத் தூண்டுவதும் இல்லை. அதனால் அழிக்கப்படாமல் குவிந்துவிடுகிறது. நிறைய இருப்பதே இங்கே இழப்பின் அடையாளம். சில கட்டிகளில் மரபணு அறவே உடைந்துபோய்ப் பழுப்பே தெரியாது. அதுவும் இழப்பைத்தான் குறிக்கிறது.

ஈ-கேட்ஹெரின்: பிடித்து வைத்திருப்பது

பிரிதலைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதாது. செல்கள் வரிசை குலையாமல் நிற்கவும் வேண்டும். அதைச் செய்வது ஈ-கேட்ஹெரின். கேட்ஹெரின் புரதங்களை வெளிப்படுத்திய ஆய்வுகள் 1970-களின் பிற்பகுதியில் ஜப்பானின் கியோட்டோவில் மசாதோஷி தாகெய்ச்சியால் தொடங்கப்பட்டன. கால்சியம் இருந்தால் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, கால்சியத்தை நீக்கினால் பிரிந்துவிடுகின்றன என்பதிலிருந்து அவர் அந்தப் புரதங்களை எட்டினார்.

ஈ-கேட்ஹெரினின் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே நீண்டு, பக்கத்துச் செல்லின் ஈ-கேட்ஹெரினைப் பற்றுகிறது. உள்ளே இருக்கும் வால்பகுதி, கேட்டெனின் என்ற புரதங்களின் வழியாகச் செல்லின் உள்சட்டகத்தோடு இணைகிறது. இவற்றில் பீட்டா-கேட்டெனினுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது கட்டவிழ்ந்து கருவுக்குள் சென்றால் செல்லைப் பிரியத் தூண்டும். ஈ-கேட்ஹெரின் அதைச் செல்லின் ஓரத்தில் கட்டிவைக்கிறது. உதிரியாகத் திரிவதை ஏபிசி என்ற மற்றொரு கட்டி அடக்கிப் புரதத்தின் உதவியோடு செல் அழித்துவிடுகிறது. ஏபிசி கெட்டுப்போன இரைப்பைகளில் அடினோமா என்ற சிறு கட்டிகள் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

காவலைக் குறிவைக்கும் கிருமி

இரைப்பைப் புற்றுநோயின் தொடக்கம் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் 1982-இல் இதை வளர்த்தெடுத்தனர். 1984-இல் மார்ஷல் இந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். 1994-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவித்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி யூரியேஸ் நொதியால் அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பிறகு சளிப்படலத்தைத் துளைத்துச் செல்களோடு ஒட்டுகிறது. சில வகைக் கிருமிகளிடம் நுண்ணிய ஊசி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் வழியாகக் கேக்-ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்துகின்றன. உள்ளே போன கேக்-ஏ, வளர்ச்சி சமிக்ஞைகளைக் கிளறிவிடுவதோடு, பி53-ஐச் செல் அழிக்கும்படியும் திருப்பிவிடுகிறது. கிருமியின் ஹெச்டிஆர்ஏ என்ற நொதியோ ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதியை வெட்டிவிடுகிறது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறுவதற்கு முன்பே இரண்டு முக்கியப் புரதங்களும் அடி வாங்கிவிடுகின்றன.

நீண்ட நாள் அழற்சியின் விளைவு இதைவிட ஆழமானது. அழற்சி உண்டாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன. வழக்கமாக நோய் எதிர்ப்புச் செல்களில் மட்டும் இயங்கி டிஎன்ஏ எழுத்துகளை மாற்றும் ஏஐடி என்ற நொதி, கிருமி தொற்றிய இரைப்பைச் செல்களிலும் முளைக்கிறது. பி53 மரபணுவிலேயே அது மாற்றங்களை உண்டாக்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் காட்டினர். ஈ-கேட்ஹெரின், பி16, எம்எல்எச்1 முதலான கட்டி அடக்கிப் புரதங்களின் மரபணுக்கள் மெத்திலேற்றத்தால் வாயடைக்கப்படுவதும் இந்த அழற்சியின்போதுதான்.

ஆனாலும் கிருமி உள்ள நூறு பேரில் ஒருவர் முதல் மூவருக்கே புற்றுநோய் வருகிறது. கிருமியின் வகை, உடலின் மரபு, உப்பு மிகுந்த உணவு, புகைப்பழக்கம் ஆகியவை சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. கொலம்பியாவின் நரிஞோ மாகாணத்தில் மலைவாழ் மக்களுக்கு இந்நோய் மிக அதிகம். அதே மாகாணத்தின் கடலோர மக்களுக்கு மிகக் குறைவு. கிருமியோ இரு பகுதிகளிலும் பரவலாக இருக்கிறது.

படிப்படியாக வரும் வகை

கொலம்பியாவில் பிறந்த நோய்க்குறியியல் அறிஞர் பெலாயோ கொரெயா, அந்த மலைப்பகுதியில் கண்டதை வைத்தே 1975-இல் ஒரு வரிசையை முன்வைத்தார். முதலில் அழற்சி. பிறகு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் நலிந்து மறைகின்றன. அடுத்து இரைப்பையின் உட்சுவர் சிறுகுடலின் உட்சுவரைப் போல மாறுகிறது. அதன்பின் செல்களின் வடிவமும் வரிசையும் குலைகின்றன. கடைசியில் புற்று. பின்லாந்தின் பெக்கா லாரன் 1965-இல் குடல்வகை என்று பெயரிட்ட இரைப்பைப் புற்று இந்த வழியில்தான் வருகிறது. முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

ஒவ்வொரு படியிலும் இழப்பு கூடுகிறது. உட்சுவர் குடல்போல மாறும் கட்டத்திலேயே சிலருக்கு மெத்திலேற்றமும் பி53 மாற்றமும் காணப்படுகின்றன. வடிவம் குலையும் கட்டத்தில் பி53 மாற்றம் அதிகரிக்கிறது. செல் பிரிதலைத் தடுத்து, செல் இறப்பைத் தூண்டும் ரன்எக்ஸ்3 என்ற புரதம் இரைப்பைப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் குறைந்திருப்பதாக யோஷியாகி இதோவின் குழு 2002-இல் தெரிவித்தது. இரைப்பையின் மேற்பரப்புச் செல்களில் அந்தப் புரதம் இயல்பாக இருக்கிறதா என்பதிலேயே இஸ்ரேல் ஆய்வாளர்கள் மாற்றுக்கருத்து கூறியதால் அதன் பங்கு இன்றும் விவாதத்தில் இருக்கிறது.

புற்று சுவரைத் துளைத்துக் கீழிறங்கும்போது ஈ-கேட்ஹெரினும் குறைகிறது. ஸ்நெயில், ட்விஸ்ட் போன்ற புரதங்கள் அதன் மரபணுவை அடக்க, செல்கள் பிடி தளர்ந்து நிணநீர்க் கணுக்களுக்கும் கல்லீரலுக்கும் நகர்கின்றன. மேற்படலத்தோடும் அதன் அடிப்படலத்தோடும் நிற்கும் ஆரம்பநிலைப் புற்றை அகற்றினால், ஜப்பானிய மருத்துவமனைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்கிறார்கள். பரவிய பிறகு கண்டறிந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகச் சரிகிறது.

பிடி விட்டுப் பரவும் வகை

லாரன் சொன்ன இரண்டாம் வகை, பரவல்வகை. இதில் கட்டி என்று கையில் தட்டுப்படும் உருண்டை தோன்றுவது அரிது. ஈ-கேட்ஹெரினை இழந்த செல்கள் தனித்தனியாகவோ சிறு கூட்டமாகவோ சுவருக்குள் ஊடுருவுகின்றன. சளி நிறைந்து, கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்ட இச்செல்களை முத்திரை மோதிரச் செல்கள் என்பர். மேற்பரப்பு பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே அடியில் சுவர் தடித்து விறைத்துவிடும். எண்டோஸ்கோப்பியில்கூடத் தப்பிவிடுவது இதனால்தான். ஈ-கேட்ஹெரினைக் காட்டும் சாயமேற்றினால் நல்ல செல் ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்புக் கோடு தெரியும்; இந்தச் செல்களில் அந்தக் கோடு இருக்காது.

இதற்கு மிகத் தெளிவான சான்று நியூசிலாந்திலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு மவோரிப் பெருங்குடும்பத்தில் சுமார் முப்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இரைப்பைப் புற்றால் இறந்தனர். பதின்வயதினரும் அதில் உண்டு. சாபம் என்று நம்பியவர்களும் அந்தக் குடும்பத்தில் இருந்தனர். காரணத்தை அறியக் குடும்பத்தாரே முன்வந்து ஒடாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகளை நாடினர். பாரி கில்ஃபோர்டின் குழு அவர்களோடு சேர்ந்து உழைத்து, 16-ஆம் குரோமோசோமில் உள்ள சிடிஹெச்1 மரபணுவில் பிழை இருப்பதை 1998-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. ஈ-கேட்ஹெரினை உண்டாக்கும் மரபணு அதுதான். நட்சன் சொன்னதுபோல் அந்தக் குடும்பத்தில் பாதிக்கப்பட்டவர்கள் முதல் அடியோடு பிறந்தவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாவது அடி பல நேரம் மெத்திலேற்றத்தால் விழுகிறது.

இப்பிழை உள்ளவர்களுக்கு வாழ்நாளில் பரவல்வகைப் புற்று வரும் வாய்ப்பு முன்பு 70 சதவீதம்வரை மதிப்பிடப்பட்டது. பல்வேறு குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்த பிற்கால ஆய்வுகள் அதை ஏறத்தாழ 25 முதல் 42 சதவீதம் என்று குறைத்தன. பெண்களுக்கு லோபுலார் என்ற வகை மார்பகப் புற்றின் ஆபத்தும் உண்டு. எண்டோஸ்கோப்பியை முழுமையாக நம்ப முடியாததால், நோய் வருமுன்னரே இரைப்பை முழுவதையும் அகற்றிக்கொள்ளும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துவிடுவார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். பி12 வைட்டமினை ஆயுள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி அகற்றிய, பார்வைக்குக் குறையற்ற இரைப்பைகளை நுண்ணோக்கியில் அலசினால் மிகப் பெரும்பாலானவற்றில் முத்திரை மோதிரச் செல்களின் சிறு திட்டுகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றில் பல நெடுங்காலம் வளராமல் அப்படியே கிடக்கக் கூடியவை. ஈ-கேட்ஹெரின் போனது மட்டுமே முற்றிய புற்றாக மாறப் போதாது, இன்னும் சில காவல்களும் விழ வேண்டும் என்பதற்கு இது சான்று.

சிகிச்சைக்கு என்ன பயன்?

அமெரிக்காவின் புற்றுமரபணு வரைபடத் திட்டம் 2014-இல் 295 இரைப்பைக் கட்டிகளை ஆராய்ந்து நான்கு வகைகளாகப் பிரித்தது. ஏறக்குறைய பாதியளவு, குரோமோசோம்கள் கலைந்துபோன வகை. இதில் பத்தில் ஏழு கட்டிகளில் பி53 மாறியிருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், டிஎன்ஏ பிழைதிருத்தம் செயலிழந்த வகை. பெரும்பாலும் எம்எல்எச்1 மெத்திலேற்றத்தால் அடங்கியதன் விளைவு இது. மற்றொரு ஐந்தில் ஒரு பங்கு, குரோமோசோம்கள் அதிகம் கலையாத வகை. பரவல்வகைப் புற்றுகள் பல இதில் அடங்கும், சிடிஹெச்1 மாற்றம் இதில்தான் அதிகம். எஞ்சிய 9 சதவீதம் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய வகை.

அளவுமீறி இயங்கும் புரதத்தை மருந்தால் தடுக்க முடியும். ஹெர்2 என்ற புரதம் மிகுந்த இரைப்பைப் புற்றுக்கு டிராஸ்டுஸுமாப் 2010 முதல் பயன்படுவது அந்த வழியில்தான். இல்லாமல் போன புரதத்தை மருந்தால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதை ஒவ்வொரு புற்றுச் செல்லிலும் திரும்ப வைக்க வேண்டும். நல்ல பி53 மரபணுவை வைரஸ் மூலம் செலுத்தும் மருந்தைத் தலை, கழுத்துப் புற்றுகளுக்காகச் சீனா 2003-இல் அனுமதித்தது. அந்த வழி உலகெங்கும் பரவவில்லை. வடிவம் குலைந்த பி53-ஐ நிமிர்த்தும் மருந்துகள் சோதனையில் உள்ளன. ஈ-கேட்ஹெரினை இழந்த செல்லுக்கு மட்டும் உயிராதாரமாக இருக்கும் வேறு புரதத்தைத் தாக்கும் வழியைக் கில்ஃபோர்டின் குழு தேடிவருகிறது.

இழப்பையே சாதகமாக்கிய சிகிச்சை ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பிழைதிருத்தம் செயலிழந்த கட்டியில் பிழைகள் குவிந்து, விசித்திரமான புரதங்கள் உருவாகின்றன. நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அவை எளிதில் அடையாளம் தெரியும். அந்தச் செல்களைக் கட்டிப்போட்டிருக்கும் தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை இவ்வகைக் கட்டிகளுக்கு, அவை எந்த உறுப்பில் தோன்றியிருந்தாலும், 2017-இல் அமெரிக்கா அனுமதித்தது. அதனால் இன்று இரைப்பைப் புற்று பரவியிருந்தால் ஹெர்2, பிழைதிருத்தப் புரதங்கள் ஆகியவற்றுக்கான சோதனைகள் செய்யப்படுகின்றன.

இழப்பைத் தடுக்கும் வழி

போன புரதத்தை மீட்பது கடினம் என்பதால், போகாமல் காப்பதே இதுவரை அதிகப் பலன் தந்திருக்கிறது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவருக்கும் பைலோரி சோதனையும் சிகிச்சையும் தந்ததில் இரைப்பைப் புற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் வந்தவர்களிடம் கொரியாவில் நடந்த ஆய்விலும், கிருமியை நீக்கியவர்களின் ஆபத்து பாதிக்கும் கீழே போனது. கிருமி நீங்கியதும் அழற்சி தணிகிறது. மெத்திலேற்றத்தின் அளவும் ஓரளவு இறங்குகிறது. உட்சுவர் ஏற்கெனவே குடல்போல மாறியவர்களுக்கு இந்தப் பலன் குறைவு. எனவே சீக்கிரம் கண்டறிவதே மேல்.

மூச்சுச் சோதனை, மலச் சோதனை, எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் திசு ஆகியவற்றால் கிருமியைக் கண்டறியலாம். இரண்டு அல்லது மூன்று ஆண்டிபயாடிக்குகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்துப் பொதுவாக 14 நாள் தருவார்கள். இந்தியாவில் சில ஆண்டிபயாடிக்குகளுக்குக் கிருமி மசியாததால், மருத்துவர் சொன்ன அளவை முழுதும் முடிப்பதும், பிறகு கிருமி போய்விட்டதா என்று சோதிப்பதும் அவசியம். உப்பில் ஊறிய உணவுகளையும் புகையிலையையும் குறைப்பதால் உட்சுவரின் சேதம் குறையும்.

நடுத்தர வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் அஜீரணம், சிறிது சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுதல், காரணமில்லாமல் எடை குறைதல், கறுப்பாக மலம் போதல், விழுங்குவதில் சிரமம், ரத்தசோகை ஆகியவற்றை வாயுத் தொல்லை என்று சொல்லி மருந்துக் கடை மாத்திரையில் நாள் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் இருவருக்கு இரைப்பைப் புற்று வந்து அதில் ஒன்றாவது பரவல்வகையாக இருந்தாலோ, ஒருவருக்கு 50 வயதுக்குள் பரவல்வகை வந்திருந்தாலோ, மரபணு ஆலோசனை பெற்று சிடிஹெச்1 சோதனை செய்துகொள்வது நல்லது. பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேரும் வாய்ப்பு சரிபாதி. பிழை கண்டறியப்பட்ட குடும்பத்தில், தமக்கு அது இல்லையென்று தெரிந்தவர்கள் இரைப்பையை அகற்றிக்கொள்ளவோ ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பிக்குச் செல்லவோ தேவையில்லை.